சுக்கான் இல்லாப் படகு

சென்ற ஆண்டுப் பள்ளி விடுமுறையில், பங்கோர் தீவின் கரையோரமாக ஒரு சிறிய ஜெட் படகை ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. படகு என்னுடையதன்று. லுமுட் வட்டாரத்தில் இத்தகைய உல்லாசப் படகுகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர், எஞ்சினைச் சோதிக்கப் புறப்பட்டபோது என்னையும் ஏற்றிக்கொண்டார். கடல் அமைதியாக இருந்தது. சற்று நேரத்தில் சக்கரத்தை என் கையில் கொடுத்தார். கரையை நோக்கித் திரும்பி வருகையில், நங்கூரமிட்டிருந்த மீன்பிடிப் படகொன்று நேர் எதிரே தென்பட்டது. முப்பது ஆண்டுகளாகக் கார் ஓட்டிய பழக்கம் என்னை விடுமா? விசைப்பிடியை முழுவதும் தணித்துவிட்டுச் சக்கரத்தை இடப்புறமாக ஒடித்தேன். எஞ்சினின் இரைச்சல் அடங்கியது. சக்கரம் என் கையில் தாராளமாகச் சுற்றிற்று. படகு மட்டும் திரும்பவில்லை. நேரே அந்த மீன்பிடிப் படகை நோக்கியே வழுக்கிச் சென்றது.

"விசை கொடுங்கள் ஐயா, விசை கொடுங்கள்!" என்று கூவியவாறு, அவரே கையை நீட்டிப் பிடியை முன்னே தள்ளினார். மோதப்போகும் பொருளை நோக்கி வேகத்தைக் கூட்டுவதா என்று என் நெஞ்சு பதறிற்று. ஆனால் எஞ்சின் உறுமியதும் படகு சட்டென்று இடப்புறம் திரும்பி, மீன்பிடிப் படகின் நங்கூரக் கயிற்றை ஒட்டினாற்போல் விலகிச் சென்றது.

கரை சேர்ந்த பின் நான் வருத்தம் தெரிவித்தேன். அவர் சிரித்தார். "புதிதாக ஓட்டுகிற எல்லாரும் இதையேதான் செய்கிறார்கள் ஐயா. விசை கொடுத்ததும் எஞ்சின் எழுந்தது, தப்பினோம். அந்த நேரத்தில் அது இருமிவிட்டு நின்றிருந்தால், நானும் ஒன்றும் செய்திருக்க முடியாது."

அவர் சாதாரணமாகச் சொன்ன இந்தச் சொல்லை என்னால் எளிதில் மறக்க இயலவில்லை. சாலையில் காரின் எஞ்சின் நின்றுபோனால், சக்கரத்தைத் திருப்பி ஓரமாக ஒதுங்கலாம், பிரேக்கும் இருக்கிறது. சாதாரண மோட்டார்ப் படகில் எஞ்சின் நின்ற பின்னும், நீருக்குள் அமிழ்ந்திருக்கும் சுக்கானோ எஞ்சினின் கால் பகுதியோ ஓரளவுக்குத் திசை திருப்பும். ஜெட் படகுக்குச் சுக்கானே கிடையாது. எஞ்சின் நின்ற அக்கணமே ஓட்டம், திசை, நிறுத்தம் ஆகிய மூன்றும் ஒருங்கே போய்விடுகின்றன. ஆகவே இப்படகின் எஞ்சினைப் பேணுதல் என்பது பணத்தை மிச்சப்படுத்தும் சிக்கனம் மட்டுமன்று. சுக்கானைப் பேணுவதும் பிரேக்கைப் பேணுவதும் அதுவேயாகும். இதை மனத்திற்கொண்டு பார்த்தால்தான், வெறும் வழக்கம் போலத் தோன்றும் சிறு சிறு வேலைகளின் பொருள் விளங்கும். அதன் பின் இரண்டு நாட்கள் அவருடைய பட்டறையில் ஒரு முக்காலியில் அமர்ந்து கண்டவற்றையும், பின்னர் நூல்களில் படித்தறிந்தவற்றையும் இங்கே எழுதுகிறேன். நம் பள்ளிகளில் பயின்ற பிள்ளைகள் சிலர் இன்று லுமுட்டிலும் பங்கோரிலும், வடக்கே தெமெங்கோர் ஏரிக் கரையிலும் இவ்வேலையில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழில் இதைப்பற்றிச் சொன்னவர் அதிகம் இல்லை.

கிந்தாப் பள்ளத்தாக்கில் வளர்ந்தவர்களுக்கு ஜெட் படகின் தத்துவத்தை விளக்க மிகவும் பாடுபட வேண்டியதில்லை. 1985-இல் உலக ஈயச் சந்தை சரிந்து, ஈயலம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்படும்வரை, மண்மேட்டின்மீது நீரைப் பீய்ச்சியடிக்கும் பெருங்குழாய்களை இப்பக்கத்தில் காணாதவர் அரியர். அக்குழாய்க்கு 'மானிட்டர்' என்று பெயர். குறுகிய வாயின் வழியே நீர் சீறிப் பாயும்போது, அது முன்னேயுள்ள மண்ணைக் கரைப்பதோடு குழாயையும் பின்னே உதைக்கிறது. அதனால்தான் அதைக் கனத்த தாங்கியில் பிணைத்து வைப்பார்கள். அக்குழாயைப் பிணைக்காமல் ஒரு படகின் பின்புறத்தில் வைத்தால், அந்த உதை படகை முன்னே தள்ளும். வகுப்பறையில் நாம் சொல்லித்தரும் நியூட்டனின் மூன்றாம் விதிக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. சேறும் சரளையும் கலந்த நீரை உறிஞ்சி, 'பலோங்' எனப்படும் உயர்ந்த மரத்தொட்டிக்கு ஏற்றிய பம்பையும் லம்பத்தில் கண்டிருக்கிறோம். அந்தப் பம்பையும் இந்தக் குழாயையும் இணைத்து ஒரு படகினுள் அடக்கினால், அதுவே ஜெட் படகு.

படகின் அடிப்பகுதியில், கம்பிச் சல்லடை பொருத்திய ஒரு வாய் இருக்கும். எஞ்சினின் தண்டு, அவ்வாய்க்குப் பின்னுள்ள 'இம்பெல்லர்' என்னும் இறக்கைச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. உள்ளே இழுக்கப்பட்ட நீர், சுழற்சியை நேராக்கும் நிலைத்த தகடுகளைத் தாண்டி, குறுகிய மூக்குக்குழாய் வழியே பின்புறம் பாய்கிறது. ஓட்டுநர் சக்கரத்தைத் திருப்பும்போது திரும்புவது அந்த மூக்குக்குழாய்தான். பாய்கிற நீர் எத்திசையில் போகிறதோ அதற்கேற்பப் படகின் பின்புறம் தள்ளப்படுகிறது. பின்னோக்கிச் செல்லவும் நிறுத்தவும், கவிழ்த்த கிண்ணம் போன்ற ஒரு மூடி இறங்கி, பாயும் நீரை முன்புறமாக மடக்கிவிடும். நீர் பாயவில்லையென்றால் திருப்புவதற்கும் ஒன்றுமில்லை, மடக்குவதற்கும் ஒன்றுமில்லை. நான் விசையைத் தணித்தபோது நடந்தது இதுவே.

நீரைப் பீய்ச்சிப் படகு செலுத்தும் எண்ணம் பழையது. 1787-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ரம்சே என்பவர், நீராவிப் பம்பினால் நீரைப் பின்னே தள்ளி ஒரு படகைப் பொட்டோமாக் ஆற்றில் ஓட்டிக் காட்டினார். எனினும் இன்றைய ஜெட் படகு நியூசிலாந்தின் குழந்தை. அந்நாட்டின் தென் தீவில் ஐரிஷ்மன் கிரீக் என்னும் ஆட்டுப் பண்ணையின் சொந்தக்காரரும், மண்வாரும் இயந்திரங்களைத் தாமே வடிவமைத்தவருமான வில்லியம் ஹாமில்டன், தம் பக்கத்து ஆறுகளில் ஓடக்கூடிய படகு ஒன்றை விரும்பினார். அவ்வாறுகள் ஆழமற்றவை, சரளை நிறைந்தவை, வேகமானவை. நீருக்குள் நீண்டிருக்கும் சுழல்விசிறி அங்கே நொறுங்கிவிடும். 1950-களின் முற்பகுதியில் அவர் செய்த முதற் படகு நீர்த்தாரையை நீரின் அடியிலேயே விட்டது, மெதுவாகத்தான் சென்றது. தாரையை நீர்மட்டத்துக்கு மேலே காற்றில் பாயும்படி மாற்றியதும் வேகம் வெகுவாகக் கூடியது. நீர்த்தாரை இயக்கத்தைத் தாம் கண்டுபிடித்ததாக அவர் உரிமை கொண்டாடியதில்லை. அப்பெருமை ஆர்க்கிமிடீசுக்கே உரியது என்று வேடிக்கையாகச் சொல்வாராம். 1960-இல் இவ்வகைப் படகுகள் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு வழியே நீரோட்டத்தை எதிர்த்து மேலேறின. 1977-இல் எவரெஸ்ட் வீரர் எட்மண்ட் ஹிலாரி மூன்று ஜெட் படகுகளுடன், கங்கை கடலில் கலக்குமிடத்திலிருந்து இமயத்தை நோக்கிப் புறப்பட்டார். நந்தப்பிரயாகைக்கு அருகே ஓர் அருவி வழிமறிக்கும்வரை அவை சென்றன. இன்று பங்கோரின் கடற்கரைகளில் சுற்றுலாப் பயணிகள் ஏறி ஓட்டும் 'ஜெட் ஸ்கீ' இந்தக் குடும்பத்தின் இளைய பிள்ளை. உள்ளிருக்கும் பம்பு ஒன்றே. உட்காரும் முறைதான் வேறு.

இனிப் பட்டறைக்கு வருவோம்.

காலையில் எஞ்சினை முடுக்குமுன் அந்தத் தம்பி செய்த முதல் வேலை, எஞ்சினின் மேல்மூடியைத் திறந்து குனிந்து முகர்ந்து பார்த்ததுதான். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. காரில் எங்கேனும் பெட்ரோல் கசிந்தால், ஆவி அடியில் இறங்கிச் சாலையோடு கலைந்து போகும். படகோ அடிப்புறம் மூடிய ஒரு தொட்டி. கசிந்த ஆவி அதன் அடிவயிற்றில் தேங்கிக் கிடக்கும். சாவியைத் திருப்பும்போது எழும் ஒரு சிறு பொறி போதும். ஆகையால் உள்ளெஞ்சின் கொண்ட பெட்ரோல் படகுகளில், அடிவயிற்றுக் காற்றை வெளியேற்றும் மின்விசிறி ஒன்று வைத்திருக்கிறார்கள். முடுக்குமுன் குறைந்தது 4 நிமிடமாவது அது ஓட வேண்டும் என்பது அமெரிக்கக் கரையோரக் காவல்படையின் அறிவுரை. விசிறி இருக்கிறது என்பதற்காக மூக்கை மறந்துவிடக் கூடாது என்பது அந்தத் தம்பியின் கொள்கை. விசிறி பழுதாகலாம்; குழாய் நழுவியிருக்கலாம். ஜெட் ஸ்கீயில் பெரும்பாலும் விசிறி இராது. ஆகவே இருக்கையைக் கழற்றிச் சற்று நேரம் காற்றாட விட்டு, முகர்ந்து பார்த்த பின்னரே முடுக்க வேண்டும்.

இதையொட்டி ஒரு தவறான சிக்கனத்தைச் சொல்ல வேண்டும. படகின் எஞ்சின் பல வேளைகளில் கார் எஞ்சினின் உடன்பிறப்பே. அதனால் ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், பெட்ரோல் பம்பு முதலியவை கெட்டுப்போகும்போது, கார் உதிரிக் கடையில் பாதி விலைக்கு வாங்கி மாட்டிவிடலாம் என்று தோன்றும். பொருந்தவும் பொருந்தும், வேலையும் செய்யும். ஆனால் படகுக்கென்று செய்த சாமான்கள், உள்ளே எழும் பொறி வெளியே வராதபடி அடைக்கப்பட்டவை. காரின் சாமானுக்கு அந்த அடைப்பு இல்லை. விலை வேறுபாட்டின் காரணம் பெயர்ச்சீட்டு அன்று, இந்த அடைப்பே. எஞ்சினின் காற்று வாயிலில் இருக்கும் தீத்தடுப்பு வலையும் அவ்வாறே. எஞ்சின் எதிர்த்து வெடிக்கும்போது சுவாலை வெளியே வராமல் காப்பது அது. அழுக்கடைந்தால் கழுவி உலர்த்தி மீண்டும் மாட்ட வேண்டுமே அன்றி, காற்று நன்றாகப் போகட்டும் என்று கழற்றி எறிந்துவிடலாகாது.

அடுத்தது தண்ணீர். காருக்கு ரேடியேட்டர் உண்டு. அதே நீர் சுற்றிச் சுற்றி வரும். பெரும்பாலான ஜெட் படகுகள், தாம் மிதக்கும் நீரையே எடுத்து எஞ்சினைக் குளிர்விக்கின்றன. அதிலும் பலவற்றில் ஜெட் பம்பிலிருந்தே ஒரு சிறு கிளைக் குழாய் எஞ்சினுக்குச் செல்கிறது. இதன் விளைவு என்ன? அடிவாயின் சல்லடையில் ஒரு பிளாஸ்டிக் பை ஒட்டிக்கொண்டால், படகின் வேகம் குறைவதோடு எஞ்சினுக்குக் குளிர்நீரும் குறைகிறது. ஓட்டுநரோ வேகம் போதவில்லை என்று விசையை இன்னும் கூட்டுகிறார். சூடு ஏறுகிறது. புகைக்குழாயின் ரப்பர்ப் பகுதிகள், உள்ளே நீர் ஓடும்வரைதான் தாங்கும். நீர் நின்றால் வெந்துவிடும். ஓடும் எஞ்சினிலிருந்து பக்கவாட்டில் வெளியேறும் மெல்லிய நீர்த்தாரை, உள்ளே நீர் சுற்றுகிறது என்பதற்கு அடையாளம். அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டும் பழக்கம் வேண்டும். தெமெங்கோர் ஏரி அணைகட்டி உண்டான ஏரி. மூழ்கிய காட்டின் மரங்கள் இன்னும் நிற்கின்றன. அங்கே சல்லடையில் சிக்குவது குச்சியும் இலையும். பங்கோர்ப் பக்கம் கயிறும் பையும்.

செமோரையும் காந்தானையும் சுற்றியுள்ள சுண்ணாம்புக் குன்றுகளின் அடியில் கிணற்றுநீர் காய்ச்சியவர்களுக்கு, கெட்டிலின் உட்புறம் வெள்ளையாகப் பொருக்குத் தட்டுவது தெரியும். கடல்நீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. எஞ்சினின் சூடான உள்வழிகளில் அது நின்று காய்ந்தால், அப்பொருக்கைப் போலவே படியும், உலோகத்தையும் அரிக்கும். எனவே கடலில் ஓடிய ஒவ்வொரு நாளும், எஞ்சினுக்குள் நல்ல தண்ணீரைச் செலுத்திக் கழுவ வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாத வேலை இது.

இங்கேதான் நான் என் தொழில்முறையில் மிகவும் பயனடைந்தேன். பட்டறைக்கு வெளியே ஒரு ஜெட் ஸ்கீயும் ஓர் உள்ளெஞ்சின் படகும் அருகருகே நின்றன. ஜெட் ஸ்கீயைக் கழுவும்போது, அந்தத் தம்பி முதலில் எஞ்சினை முடுக்கினார். உடனே தண்ணீர்க் குழாயைத் திறந்தார். முடிக்கையில் முதலில் தண்ணீரை நிறுத்தி, எஞ்சினைச் சற்றே உறுமவிட்டு உள்ளே தங்கிய நீரை வெளியே தள்ளிய பின் அணைத்தார். அடுத்து நின்ற படகில் அதற்கு நேர்மாறு. முதலில் தண்ணீர், பிறகுதான் எஞ்சின். முடிக்கையில் முதலில் எஞ்சின் நின்றது, பிறகே தண்ணீர். ஒரே வேலைக்கு ஏன் இரண்டு முறை என்று கேட்டேன்.

காரணம் இது. அந்த ஜெட் ஸ்கீயில் குளிர்நீர் முடிவில் புகைக்குழாயினுள் விழுகிறது. அதை வெளியே தள்ளுவது எஞ்சினின் புகையே. எஞ்சின் ஓடாதபோது தண்ணீரைத் திறந்துவிட்டால், அது புகைக்குழாயை நிரப்பி, எதிர்வழியாகச் சிலிண்டருக்குள் புகும். காற்றைப்போல் நீர் அமுங்குவதில்லை. பிஸ்டன் மேலே வரும்போது இடமின்றி, அதைத் தாங்கும் தண்டே வளைந்துவிடும். மற்றப் படகிலோ நீரை இழுப்பது ரப்பர் இறக்கைகள் கொண்ட தனிப் பம்பு. அந்த ரப்பருக்கு வழவழப்பும் குளிர்ச்சியும் தருவது தண்ணீரே. நீரின்றிச் சுற்றினால் சிறிது நேரத்திலேயே கருகிக் கிழியும். கிழிந்த துண்டுகள் குளிர்வழியில் போய் அடைத்துக்கொள்ளும். வேறு சில ஜெட் ஸ்கீகளில் எஞ்சினுக்கு மூடிய சுற்றுக் குளிர்ப்பும் உண்டு. அவற்றைக் கரையில் நெடுநேரம் ஓட்டினால், தண்டின் அடைப்புவளையம் சூடேறிக் கெடும். ஆகவே அந்தந்தப் படகின் கையேட்டைப் படிப்பது தவிர வேறு வழியில்லை.

கையேடுகளைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. 'முதலில் இதைச் செய், பின்பு அதைச் செய்' என்று வரிசையிடும் அவை, பெரும்பாலும் 'ஏன்' என்பதைச் சொல்வதில்லை. ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் எங்களுக்கு முதலில் திருத்தப்பட்ட குறை இதுவே. காரணம் தெரியாத வரிசை மனத்தில் நிலைப்பதில்லை, அவசரத்தில் தலைகீழாகிவிடும். புகைக்குழாயில் நீர் எங்கே போகிறது என்பதை ஒரு கரும்பலகைப் படத்தில் கண்டவன், வாழ்நாளில் அவ்வரிசையை மாற்றிச் செய்ய மாட்டான்.

எண்ணெயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒவ்வொரு பயணத்துக்கும் முன் அளவுக்கம்பியை உருவிப் பார்க்க வேண்டும். எவ்வளவு இருக்கிறது என்பதோடு எப்படி இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். கறுத்திருந்தால் பழையது, அவ்வளவே. தே தாரிக் போல வெளுத்து நுரைத்திருந்தால் எண்ணெயில் நீர் கலந்துவிட்டது. எஞ்சினை முடுக்கவே கூடாது. படகில் எண்ணெய் மாற்றும் காலத்தைக் கிலோமீட்டரால் கணக்கிடுவதில்லை, ஓடிய மணிகளால் கணக்கிடுகிறார்கள். பல தயாரிப்பாளர்கள் 100 மணிக்கு ஒரு முறை, அல்லது ஆண்டுக்கு ஒரு முறை, எது முந்துகிறதோ அதன்படி மாற்றச் சொல்கிறார்கள். புதிய எஞ்சினுக்கு முதல் மாற்றம் இன்னும் முன்னதாகவே வரும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் 100 மணி நேரம் ஓடினால் 6,000 கிலோமீட்டர்தான். அதற்குள் மாற்றுவதா என்று சிலர் கேட்கலாம். சமவெளியில் செல்லும் கார் தன் எஞ்சினின் வலிமையில் சிறு பங்கைத்தான் செலவிடுகிறது. படகுக்குச் சமவெளியே கிடையாது. சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்குச் சுமையோடு ஏறும் லாரியின் நிலை அதற்கு எப்போதும். எண்ணெயை மாற்றுமுன் எஞ்சினைச் சற்று வெதுவெதுப்பாக்கி, அளவுக்கம்பிக் குழாயின் வழியே சிறு பம்பினால் உறிஞ்சி எடுப்பார்கள். அடியிலுள்ள அடைப்பைத் திறக்கப் படகினுள் இடம் இராது. எண்ணெய் பில்டரைக் கழற்றும்போது, பழைய ரப்பர் வளையமும் கூடவே வந்ததா என்று பார்க்க வேண்டும். அது எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருக்க, புதியதை அதன்மேல் இறுக்கிவிட்டால், ஓடும்போது எண்ணெய் பீறிட்டு வெளியேறும்.

இந்தப் பட்டறையில் என்னைக் கவர்ந்த இன்னொன்று பேச்சு. அந்தத் தம்பியின் தாத்தா ஒரு காலத்தில் தோட்டத்து ரப்பர் ஆலையில் எஞ்சின்காரராக இருந்தவர். அவர் சொல்லிப் பழகிய சொற்களையே பேரனும் சொல்கிறார். எஞ்சின் 'இருமுகிறது' என்றால், ஒரு பிளக் சரியாகப் பொறி விடவில்லை அல்லது பெட்ரோலில் நீர் கலந்திருக்கிறது என்று பொருள். 'மூச்சுத் திணறுகிறது' என்றால் காற்று வாயில் அடைத்திருக்கிறது. 'எண்ணெய் குடிக்கிறது' என்றால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து, எண்ணெய் மேலேறி எரிகிறது. புகை நீலமாக வரும். பெல்ட் 'கத்துகிறது' என்றால் தளர்ந்திருக்கிறது. இவை வெறும் உவமைகள் என்று எண்ணி நாம் பாடநூலில் ஒதுக்கிவிடுகிறோம். உண்மையில் ஒவ்வொன்றும் ஒரு நோய்க்குறி. கேட்டவுடன் கையை எங்கே வைக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடும். 'தீப்பொறிச் செருகி' என்ற நம் கலைச்சொல் அந்தப் பட்டறையில் யாருக்கும் தெரியவில்லை. அதனால் அச்சொல் வேண்டாம் என்பதில்லை. இருமல் என்ற சொல்லை அறிந்த பிள்ளைக்கு, அதன் வழியே செருகியைக் காட்டலாமே என்பதுதான் என் எண்ணம். கழற்றிய பிளக்கும் பேசும்: முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நலம், கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி, சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தால் சூடு மிகுதி.

ஜெட் பம்புக்கு வருவோம். இதில் கை வைக்குமுன் எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, பாட்டரியின் கம்பியையும் கழற்றிவிட வேண்டும். சல்லடையினுள் விரலை நுழைத்தவர் அறியாமல் வேறொருவர் சாவியைத் திருப்பினால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. இம்பெல்லரின் இறக்கை நுனிக்கும், அதைச் சூழ்ந்த வளையத்துக்கும் இடையே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியே இருக்கும். லம்பத்துப் பம்பை மணல் தின்றதுபோலவே இதையும் மணல் தின்னும். கரையோர ஆழமற்ற நீரில் எஞ்சினை உறுமவிட்டால், பம்பு அடிமணலை வாரி விழுங்குகிறது. இடைவெளி அகன்றால் நீர் பின்னே நழுவும். எஞ்சின் கத்தும், படகு நகராது. சங்கிலி நழுவிய சைக்கிளை மிதிப்பது போல. கல் பட்டு இறக்கையின் விளிம்பு மடங்கியிருந்தால் அரத்தால் தீட்டிச் சீராக்கலாம். அளவுக்கு மீறித் தேய்ந்திருந்தால் வளையத்தையோ இம்பெல்லரையோ மாற்றத்தான் வேண்டும். பல ஜெட் படகுகளில் பம்பின் தாங்கிகளுக்குக் குறித்த மணிக்கு ஒருமுறை கிரீஸ் செலுத்த வேண்டும். அதை மறந்தவர்களின் படகுகளே பட்டறைக்கு அதிகம் வருகின்றனவாம்.

பம்பின் அருகே மங்கிய சாம்பல் நிறத்தில் ஓர் உலோகக் கட்டி திருகப்பட்டிருக்கும். அது எதற்கு என்று தெரியாமல், அழகுக்காக அதன்மேல் வண்ணம் பூசிவிடுகிறவர்கள் உண்டு. வேறுவேறு உலோகங்கள் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டு நிற்கும்போது, அவற்றுள் ஒன்று கரையத் தொடங்குகிறது. எளிதில் கரையும் துத்தநாகம் போன்ற ஓர் உலோகத்தைக் கூடவே வைத்தால், அது தான் கரைந்து மற்றதைக் காக்கும். 1824-இல் விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவி பிரிட்டிஷ் கடற்படைக்கு இந்த யோசனையைச் சொன்னார். கப்பலின் செப்புத் தகடு கரைவது நின்றது. ஆனால் கரையும் செம்பின் நஞ்சுதான் அதுவரை சிப்பிகளை அண்டவிடாமல் வைத்திருந்தது. செம்பு கரையாமற்போகவே சிப்பிகள் மண்டிக் கப்பல் மெதுவாயிற்று! வகுப்பில் சொல்லத்தக்க கதை. நம் படகுக்கு வேண்டியது, அக்கட்டிக்கு வண்ணம் பூசாதிருப்பதும், பாதியளவு கரைந்ததும் மாற்றுவதுமே. ஏரிநீரில் ஓடும் படகுக்கும் கடலில் ஓடும் படகுக்கும் கட்டியின் உலோகம் வேறுபடும்.

இறுதியாகத் திருகாணிகள். நம் பேச்சில் ஒருவனை 'மரை கழன்றவன்' என்கிறோம். ஜெட் படகில் மரை கழன்றால் அது பேச்சளவில் நிற்காது. 2019 பிப்ரவரியில் நியூசிலாந்தின் ஸ்கிப்பர்ஸ் கேன்யன் பள்ளத்தாக்கில், பயணிகளுடன் விரைந்த ஒரு ஜெட் படகு திசை தவறிப் பாறைச் சுவரில் மோதியது, பலர் காயமுற்றனர். திசை திருப்பும் மூக்குக்குழாயைப் பிணைத்திருந்த ஆணிகள் முறிந்ததே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பாயும் நீருக்கு வழிகாட்ட ஒன்றுமில்லை. மீண்டும் மீண்டும் அதிரும் உலோகம் களைத்துப்போகும். உள்ளே மயிரிழை போன்ற விரிசல் விழும். வெளியே பார்த்தால் தெரியாது. எனவே மூக்குக்குழாயைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்ப்பது, திருப்பும் கம்பிவடம் தடையின்றி ஓடுகிறதா என்று பார்ப்பது, குறித்த காலத்தில் ஆணிகளைப் புதிதாக மாற்றுவது ஆகிய இவையும் எஞ்சின் பராமரிப்பின் பகுதியே. ஓட்டுநரின் கையிலோ இடுப்பிலோ மாட்டும் சுருள் கயிற்றையும் மறக்கலாகாது. அவர் தவறி விழுந்தால், அது கழன்று எஞ்சினை அணைக்கும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது அதை இழுத்து, உண்மையில் அணைகிறதா என்று அவ்வப்போது சோதிக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் அந்தத் தம்பி எங்கே எழுதி வைத்திருக்கிறார் என்று கேட்டேன். எண்ணெய்க் கறை படிந்த ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தார். தோட்டத்துச் செக்ரோல் போலக் கோடிட்டு, ஒவ்வொரு படகுக்கும் ஒரு பக்கம்: நாள், எஞ்சின் ஓடிய மணி, செய்த வேலை, கண்ட குறை. படகு நிறுவனங்களின் அட்டவணைகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அவருடைய முதலாளி மலாயில் கேட்கிறார். நோட்டில் எழுதுவது தமிழில். எழுத்துப் பிழைகள் சில இருந்தன. திருத்தும் பழக்கத்தில் கை பேனாவைத் தேடிற்று; அடக்கிக்கொண்டேன். நான் ஓட்டிய படகின் பக்கத்தைப் புரட்டினேன். அன்று காலைப் பதிவில் மணிக்கணக்கும், எண்ணெய் சரி, பெல்ட் சரி, சல்லடையில் நைலான் கயிற்றுத் துண்டு ஒன்று, எடுத்தாயிற்று என்றும் இருந்தது. அதன் கீழே மாலையில் எழுதிய ஒரு வரி: "ஐயா ஓட்டினார். விசை கொடுத்ததும் எழுந்தது."